நாற்காலிக்கு லைசென்ஸ்

2019 ஆகஸ்டில், அப்போது நெல்லை மாவட்டத்தில் இருந்த கடையம் பக்கம், அரிவாளோடு வந்த முகமூடிக் கொள்ளையர் இருவரை ஒரு முதிய தம்பதி செருப்பையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் வீசி விரட்டியடித்தார்கள். சிசிடிவி காட்சியை நாடே பார்த்தது. சுதந்திர தினத்தன்று முதல்வர் விருதும் கொடுத்தார்.

இவ்வளவு பயங்கரமான ஆயுதத்தை யார் வேண்டுமானாலும் பாத்திரக்கடையில் வாங்கலாம் என்று விட்டுவைத்திருப்பது அடுக்குமா? துப்பாக்கிக்கு எத்தனை ஒழுங்கு! கலெக்டர் ஆபீஸில் மனு, போலீஸ் விசாரணை, உயிருக்கு ஆபத்து என்பதற்கு ஆதாரம். கொள்ளையனும் மரியாதை தெரிந்தவன். லைசென்ஸ் வரும்வரை திண்ணையில் காத்திருப்பான்.

நாற்காலிக்கும் இதே முறைதான் வேண்டும். கை வைத்ததற்குக் கலெக்டர், ஸ்டூலுக்குத் தாசில்தார். ஆயுதச் சட்டப்படி ஆளுக்கு இரண்டு துப்பாக்கிதான். நாற்காலியும் இரண்டோடு சரி. பாளையங்கோட்டைக் கல்யாண மண்டபங்களை ஆயுதக் கிடங்குகளாக அறிவித்து, வாசலில் காவல் போடலாம். செருப்பை ஜோடியாக எண்ணுவதா ஒற்றையாக எண்ணுவதா என்பதை ஒரு கமிட்டி பார்த்துக்கொள்ளட்டும்.

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்களே, அதேபோல் நாற்காலியையும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு ஷரத்து சேர்க்கலாம். அதை மட்டும் எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் எதிர்க்கும், எழுந்திருக்காமலே.