எங்களையும் மரமாகப் பதிந்துகொள்ளுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பிறப்பதென்றால் செம்பனையாகப் பிறக்க வேண்டும். கன்று வேரூன்றித் தலையெடுத்ததுமே மேலே டிரோன் வந்து நின்று படம் பிடிக்கிறது. அந்தப் படத்தைக் கணினிக்குள் தள்ளினால், இயந்திரக் கற்றல் என்னும் வித்தை இது பனை, இது பனையல்ல என்று பிரித்து, ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் போட்டு, அது நிற்கும் இடத்தை அட்சரேகை தீர்க்கரேகையோடு குறித்துக்கொள்கிறது. எக்டருக்கு 136 மரம், 148 மரம் என்று நட்டிருப்பார்கள். நிரையில் ஒன்று செத்தாலும் அடுத்த பறப்பில் தெரிந்துவிடும். மரம் எந்த அலுவலகத்திலும் எண் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று அதை யாரும் கேட்பதில்லை. பிரசவம் பார்த்த மருத்துவச்சியைச் சாட்சிக்கு அழைத்து வா என்று விரட்டுவதுமில்லை.

மரத்தை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்தார்கள். பெற்றவர்கள் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டதோடு சரி, கல்யாணத்தை எங்கும் பதியவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லை, அதனால் அடையாள அட்டை இல்லை, அதனால் வங்கிக் கணக்கில்லை, ஒழுங்கான வேலையில்லை, அவர்களுக்குப் பிறந்த பிள்ளைக்கும் பத்திரமில்லை. வேறு சிலரிடம் நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டை இருக்கிறது. ஆயுள் முழுக்க இங்கே உழைக்கலாம், வரி கட்டலாம், ஓட்டு மட்டும் கிடையாது. 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவன் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பால்மரத்தைத் தவிர வேறெதுவும் அறியாத ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களைப் பதிய 2011ல் ‘மைடஃப்தார்’ என்றொரு இயக்கம் நடத்தினார்கள். 2017ல் இந்தியர்களுக்கென்று ஒரு பெருந்திட்ட ஆவணம் வெளியிட்டு, மறுபடியும் பதியக் கிளம்பினார்கள். மனிதனைப் பதிய இயக்கம், பிரதமர், பந்தல், பதாகை எல்லாம் வேண்டியிருக்கிறது. மரத்தைப் பதிய மின்கலத்தில் சார்ஜ் இருந்தால் போதும்.

எண்ணத் தெரியாதவர்கள் என்று யாரையும் குறை சொல்ல முடியாது. 16 ஜூன் 1948 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்ஃபில் தோட்டத்துத் துரை அதில் ஒருவர். மலாயாவில் அவசரகாலம் வந்தது. அதே ஆண்டில் அடையாள அட்டையும் வந்தது. பன்னிரண்டு வயதைத் தாண்டிய எல்லாருக்கும் படம், கட்டைவிரல் ரேகை, எண். டிரோனும் இல்லை, கணினியும் இல்லை. மாட்டுவண்டிப் பாதையும் பென்சிலும்தான். எங்களைக் கண்டு பயந்தபோது எங்களை எண்ண வெள்ளைக்கார ஆட்சியால் முடிந்தது. பயம் தெளிந்ததும் கோப்பு தொலைந்துவிட்டது.

மரம் இந்த மண்ணுக்குச் சொந்தமானது, அதனால் அதற்குத் தனிச் சலுகை என்று யாராவது சொல்லலாம். சொந்தக் கதையைப் பார்ப்போம். ரப்பர் பிரேசில்காரர். லண்டன் கியூ தோட்டம் வழியாக 1877ல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் ஒன்பது கோலகங்சாருக்கு வந்தன. பேராக்கின் ஆங்கில ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ தன் தோட்டத்தில் நட்டுவைத்தார். அந்தக் கால மரம் ஒன்று இன்றும் அங்கே வேலிக்குள் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதன் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். அதே காலத்தில் ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த சஞ்சிக்கூலியின் சுவடு எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காக்காரர். 1848ல் ஜாவாவின் போகோருக்கு நான்கு கன்றாக வந்து, 1917ல் சிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில் வியாபாரமாக இறங்கினார்.

மூன்றாமவர்தான் ருசிகரமானவர். இந்த நாட்டில் செம்பனை சரியாகக் காய் பிடிக்காத காலத்தில், மகரந்தத்தைப் பூப்பூவாக ஊதிக்கொண்டு எங்கள் பெண்கள் முள்மட்டைக்குள் கைவிட்டு வேலை செய்தார்கள். அந்தக் கூலி கம்பெனிக்கு உறுத்தியது. 1981ல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்தார்கள். நோய் இருக்கிறதா, வேறு பயிரைத் தின்னுமா என்று சோதித்தார்கள். இல்லை என்றதும் அவிழ்த்துவிட்டார்கள். அரிசி மணியளவு வண்டு. ஒரே சோதனையில் தேர்ச்சி, ஆயுள் முழுக்க வேலை, குடும்பத்தோடு குடியிருக்கத் தடையில்லாத அனுமதி. அதன் நூறாவது தலைமுறையை யாரும் ‘பெண்டாத்தாங்’, அதாவது வந்தேறி, என்று கூப்பிட்டதில்லை. கை மகரந்தம் பார்த்த பெண்களுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? மருந்தடிக்கப் போனார்கள்.

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் மரத்தின் வைத்திய வசதியைப் பார்த்துவிடுவோம். ஈப்போவில் குளிரூட்டிய மண்டபத்தில், கண்ணாடிக் குவளையில் தேத்தாரிக் வைத்துக்கொண்டு, கோட்டுப் போட்ட ஓர் இளைஞர் திரையில் காட்டுகிறார். நல்ல இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி எறியும். பல்நிறமாலைக் கேமரா இரண்டையும் அளந்து, கழித்து, கூட்டி, வகுத்து, ஒன்றுக்குள் அடங்கும் ஓர் எண்ணாக்குகிறது. எண் ஏறினால் மரம் சுகம். இறங்கினால் திரையில் அந்த இடம் சிவக்கிறது. அதற்கும் மேலே, பதினேழாவது மட்டையின் இலையை வெட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, பொட்டாசியம் எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பதினாறாவது மட்டை ஆகாது; பதினேழுதான் சரியாகச் சொல்லுமாம். மண்ணில் ஈரம் பார்க்க சென்சார் வேறு. தோட்டத்து டிரெஸ்ஸரிடம் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே வெள்ளை மாத்திரை வாங்கிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பின் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். என்ன இருந்தாலும் சகோதர உணர்வு.

இனி மருந்து. தோளில் பதினெட்டு லிட்டர் தொட்டி, கையில் குழாய், முகத்தில் கிழிந்த துண்டு. தொட்டிக்குள் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி. அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் தமிழச்சிகளே மிகுதி. மூக்கில் ரத்தம் வந்தது, நகம் கழன்றது, கண் எரிந்தது, தோல் வெந்தது. இதைச் சொல்ல வேண்டியது தோட்டத்து மருத்துவமும் அரசாங்கமும். சொன்னது ஐரின் பெர்னாண்டசின் தெனாகனித்தா அமைப்பு. மருந்தடித்த பெண்களை நேரில் கேட்டு 2002ல் அறிக்கை வெளியிட்டார்கள். அந்த ஆண்டே அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை என்றது. 2006ல், தோட்டக்காரர்கள் கண்ணீர் வடித்ததும், தடையைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி முதல் தேதி. இலை மஞ்சளானால் கணினி அன்றே அலறுகிறது. நகம் கழன்ற சேதி புத்ராஜெயாவில் முழுத் தடையாக மாறப் பதினெட்டு ஆண்டு பிடித்தது.

இப்போது டிரோனே மருந்தடிக்கிறது. நல்லதுதான், எந்தப் பெண்ணும் இனி அந்தத் தொட்டியைச் சுமக்க வேண்டாம் என்றால் டிரோனுக்கு நான் மாலையே போடுவேன். ஆனால் எந்த விளம்பரத்திலாவது அந்தப் பெண்களின் நுரையீரலுக்காக இதைக் கொண்டுவந்தோம் என்று ஒரு வரி இருக்கிறதா, பாருங்கள். ஆள் செலவு மிச்சம் என்றுதான் இருக்கும்.

மேலேயிருந்து பார்க்கும் இந்தக் கண்ணின் பெரிய எதிரி ஒரு காளான். கானோடெர்மா. 1931லேயே இந்த நாட்டுச் செம்பனையில் கண்டறிந்த நோய். இன்றுவரை குணப்படுத்த மருந்தில்லை. வேர் வழியாக நுழைந்து அடித்தண்டை உள்ளுக்குள்ளேயே தின்கிறது. குருத்து விரியாமல் ஈட்டிபோல் நிற்பதும், கீழ்மட்டைகள் தண்டோடு ஒட்டித் தொங்குவதும் பிறகு வரும் அடையாளங்கள். அவை உச்சியில் தெரியும்போது அடித்தண்டு பாதிக்கு மேல் அழுகியிருக்கும். டிரோன் பார்ப்பதோ உச்சியை. அதனால்தான் ஆராய்ச்சிக்கு மேல் ஆராய்ச்சியாக, உச்சி இலையின் நிறத்தில் இன்னும் தெரியாத நோயை இயந்திரத்துக்குக் கற்பிக்கப் போராடுகிறார்கள்.

யார் கற்பிக்கிறார்கள்? இயந்திரம் சுயம்பு அல்ல. இது நோயுள்ள மரம், இது நல்ல மரம் என்று யாராவது முதலில் நடந்து போய்ப் பார்த்துக் குறித்துக் கொடுத்தால்தான் அது கற்றுக்கொள்ளும். நிரைக்கு நிரை நடந்து, அடியில் காளான் முளைத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்து, தடியால் தண்டைத் தட்டி, உள்ளே பொள்ளல்போல் சத்தம் வந்தால் குறி போடும் அந்த ஆள்தான் வாத்தியார். முப்பது வருடம் தோட்டத்தில் கிடந்து பெற்ற காது அது. அந்தக் காதுக்கு நாள்கூலி. அந்தக் கூலியில் கற்ற மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா, எக்டர் கணக்கில். ஆராய்ச்சிக் கட்டுரையில் பேராசிரியர் பெயர் இருக்கிறது, கேமராவின் மாடல் எண்கூட இருக்கிறது. தண்டைத் தட்டியவன் பெயரைத் தேடிப் பாருங்கள்.

பனையல்லாதது என்று இயந்திரம் ஒதுக்குவதையும் பார்க்க வேண்டும். பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்ட தோட்டங்களில் லயம் காலியானது, கோயில் மட்டும் மிஞ்சியது. ஆண்டுக்கொரு முறை ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் காரில் வந்து தீ மிதித்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கோயில் கூரை, இடிந்த தமிழ்ப்பள்ளிச் சுவர், லாலான் புல் மூடிய சுடுகாடு எல்லாம் வரைபடத்தில் ஒரே நிறம். மூன்று தலைமுறை வாழ்ந்து செத்த இடம் மரம் எண்ணும் கணக்கில் ஒரு பிழை. அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடுவார்களாம்.

எங்களுக்கும் ஒரு காலத்தில் வேறு கணக்கு இருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டிகள் நூறு வெள்ளிப் பங்கைத் தவணையில் கட்டித் தோட்டம் வாங்கினார்கள். மரத்தை எண்ணியவன் மரத்துக்குச் சொந்தக்காரனாகவும் இருந்தான். அந்தச் சங்கம் வாங்காத தோட்டங்களில் வேலை போன அன்றே வீடும் போனது. அப்படித் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் மூன்று லட்சம் பேர் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களை எண்ண யாரும் எதையும் பறக்கவிடவில்லை, அதனால்தான் ‘மதிப்பிடுகிறார்கள்’.

அவர்கள் இடத்துக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வந்தார்கள். அவர்களுக்கு நடந்ததை நாங்கள் சொன்னால் பொறாமை என்பார்கள். அமெரிக்கச் சுங்கத்துறை சொன்னது. 2020 செப்டம்பரில் எஃப்ஜிவி, டிசம்பரில் சைம் டார்பி பிளான்டேஷன் ஆகிய கம்பெனிகளின் செம்பனை எண்ணெயைக் கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டில் துறைமுகத்தில் நிறுத்தியது. கடவுச்சீட்டைப் பிடித்துவைப்பது, கடனில் கட்டிப்போடுவது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வைத்திருக்கும் 11 அடையாளங்களும் சைம் டார்பி விஷயத்தில் தெரிகின்றன என்றது. சைம் டார்பி, வேலைக்கு வரத் தொழிலாளர்கள் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து, முறைகளை மாற்றி, 2023 பிப்ரவரியில் தடையிலிருந்து மீண்டது. இந்த 11ல் ஒன்றையாவது எந்த சென்சாராவது கண்டுபிடித்ததா? டிரோன் அந்த லயத்துக்கு மேலே எத்தனை முறை பறந்திருக்கும்!

2022ல் தோட்டங்களில் 1,20,000 ஆள் குறைகிறார்கள் என்று முதலாளிகள் சங்கம் புலம்பியது. தலைக்கு மேல் பழுத்த குலை எங்கே இருக்கிறது என்று திரையில் துல்லியமாகத் தெரிகிறது. நீண்ட அலுமினியக் கழியில் அரிவாள் கட்டி, கழுத்து வலிக்க அண்ணாந்து அதை அறுக்க ஆளில்லை. உதிர்ந்த பழம் தரையில் கிடந்து புளிக்கிறது. கூலியைக் கூட்டிப் பார்க்கலாமே என்று ஒரு யோசனை உண்டு. அதற்குக் கணினியில் இன்னும் மாதிரி உருவாகவில்லை போலும். 1941ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. ஒழிந்துவிட்டது. துரை இப்போது மேலேயே பறக்கிறார், இறங்கத் தேவையில்லை.

ஆகவே சம்பந்தப்பட்ட இலாகாவுக்கு ஒரு விண்ணப்பம். பத்திரமில்லாத எங்கள் பிள்ளைகளை மரமாகப் பதிந்துகொள்ளுங்கள். தலைக்கு ஓர் எண், ஒன்பது மீட்டர் இடைவெளி, மாதமொரு முறை நிறப் பரிசோதனை, சத்துக் குறைந்தால் உரம்; இதற்கு மேல் கேட்க மாட்டோம். இருபத்தைந்து ஆண்டில் வெட்டிவிடுவீர்களே என்றால் அதற்கும் சம்மதம்: வெட்டிய செம்பனையைத் துண்டாக்கி அதே மண்ணில் மக்கவிடுகிறீர்கள், எங்களை அந்த மண்ணில் விட்டுவைத்ததில்லை. மர அந்தஸ்து கொடுக்கச் சட்டச் சிக்கல் இருந்தால் வண்டு அந்தஸ்தாவது கொடுங்கள். 1981ல் கொடுத்த முன்னுதாரணம் இருக்கிறது.