ஏழாம் மாடித் தண்ணீரின் நிலையாற்றல்: கோவண்டி மதினியை முன்வைத்து ஓர் ஆய்வு

இயற்பியலில் வேலை என்பது, விசையை அதன் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வருவது. விசை இருந்தும் நகர்ச்சி இல்லையென்றால் வேலை சுழி. இந்த ஒரு வரியால் குடும்பங்களில் விளையக்கூடிய சச்சரவை எந்தப் பாடநூலும் கருதிப் பார்க்காததால் இக்கட்டுரை தேவைப்படுகிறது.

ஆய்வுக்களம், மும்பையின் ஹார்பர் லைன் ரயில் பாதையில் செம்பூருக்கும் மான்குர்டுக்கும் நடுவே இருக்கும் கோவண்டியில், குடிசைக்குப் பதிலாகக் கொடுத்த ஏழு மாடிக் கட்டடம் ஒன்று. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் படுத்துவிட்டது. லிஃப்ட் அதற்கும் முன்பே படுத்தது. ஆய்வுக் கருவி 20 லிட்டர் கேன். தூக்கியவர் மதினி. ஆய்வாளன் நோட்டுப் புத்தகம் தூக்கினான்.

மாடிக்கு மூன்று மீட்டர் என்று கொண்டால் ஏழு மாடிக்கு 21. 20 கிலோ தண்ணீரை 9.8-ஆலும் 21-ஆலும் பெருக்க, 4,116 ஜூல். உணவுக் கணக்கில் இது ஏறக்குறைய ஒரு கிலோ கலோரி. கால் கிராம் சர்க்கரையில் இருப்பது. மதினி அதிர்ச்சியடையக் கூடாதென்று அவருடைய எடையையும் சேர்த்தேன். எடையைக் கேட்கும் துணிவு இல்லாததால் 50 கிலோ என்று வைத்துக்கொண்டேன். மொத்தம் 14,406 ஜூல். வழியில் நின்று பேசிய நேரம் போக மூன்று நிமிடத்தில் ஏறினார் என்பதால் திறன் 80 வாட், அதாவது ஒரு குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு. இந்த முடிவை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

சொன்னது வேறொன்று. குழாயிலிருந்து படிக்கட்டு வரை சமதரையில் சுமந்து வந்தாரே, அதில் புவியீர்ப்புக்கு எதிராக வேலை சுழி. நாலாம் மாடித் திருப்பத்தில் கேனைப் பிடித்தபடி பக்கத்து வீட்டு அக்காவிடம் பத்து நிமிடம் பேசினாரே, அதுவும் சுழி.

“வேலையே இல்லன்னா நீயே பிடிச்சுக்கிட்டு நில்லேன்யா” என்றார்.

நின்றேன். இரண்டு நிமிடத்தில் தோள் கழன்றது. தசைநார்கள் அசையாமல் நிற்பதற்கே ஓயாமல் சுருங்கித் தளர்கின்றன. ஆற்றல் செலவாகி வெப்பமாகிறது. கேன் அதில் ஒரு ஜூலும் வாங்கிக்கொள்வதில்லை. வாங்குபவன் கணக்கில் ஏறாத உழைப்பு உழைப்பே இல்லை என்ற அளவில் இது நம் வீட்டு வழக்கத்துக்கும் ஒத்துப் போகிறது.

‘வேலை’க்கு இந்தப் பொருளை 1829-இல் உறுதிசெய்தவர் பிரான்ஸின் கொரியாலிஸ். நிலையாற்றல் என்ற பெயர் 1853-இல் ஸ்காட்லாந்துக்காரர் ராங்கின் வைத்தது. இருவருக்கும் முன்பே இங்கிலாந்துச் சுரங்கங்களில் நீராவி எந்திரத்தின் தரத்தை, இவ்வளவு நிலக்கரிக்கு எத்தனை ராத்தல் தண்ணீரை எத்தனை அடி உயர்த்துகிறது என்றுதான் அளந்தார்கள். ஆக இந்தக் கணக்கு தண்ணீர் தூக்கியதில் வளர்ந்தது. தூக்கியது எந்திரம் என்பதால் அதற்குக் கை வலித்ததா என்று யாரும் கேட்கவில்லை.

நிலையாற்றலில் இன்னொரு வசதி உண்டு. உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பது அளப்பவர் விருப்பம்; சுழியை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அண்ணன் அதைத் தன் கட்டில் மட்டத்தில் வைத்திருக்கிறார். அங்கிருந்து பார்க்க, கேன் எப்போதும் தரையில்தான் இருக்கிறது.

புவியீர்ப்பு பாதை பார்ப்பதில்லை. படியேறிப் போனாலும் லிஃப்டில் போனாலும் தண்ணீர் பெறுவது அதே 4,116 ஜூல். சொசைட்டி செக்ரட்டரி இயற்பியல் படித்தவரோ என்னவோ, இதைவிட உறுதியான காரணத்தை லிஃப்டை ரிப்பேர் செய்யாததற்கு அவரும் சொன்னதில்லை.

மோட்டார் ஓடினால் கரண்ட் பில் ஏறும் என்கிறார். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். இழப்பே இல்லையென்றால் அது 874 கேன்களை ஏழாம் மாடிக்கு ஏற்றும். பாதி வீணானாலும் நானூறுக்குக் குறையாது. இந்தக் கணக்கை எழுதி அவரிடம் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் வீடு தரைத்தளம்.