துளி தவறாத கணக்கு

மும்பையில் எண்ணெய்க்குக் கிடைக்கும் மரியாதை வேறு எதற்கும் கிடைப்பதில்லை. இதை மனதார வியந்துதான் சொல்கிறேன். துறைமுகத்துக்குள் இருக்கும் ஜவஹர் தீவின் எண்ணெய்த் துறையில் கப்பல் வந்து கட்டியதும் முதல் வேலை அளவெடுப்பது. ஒவ்வொரு அறையிலும் அளவுநாடாவை இறக்குவார்கள். எண்ணெயின் வெப்பத்தைக் குறிப்பார்கள். வெயிலில் எண்ணெய் விரியும் என்பதால், கண்ட அளவை அப்படியே எழுதாமல் 15 டிகிரி செல்சியஸில் எவ்வளவு இருக்கும் என்று திருத்தி எழுதுவார்கள். சாம்பிள் எடுத்துப் போத்தலில் அடைத்து முத்திரை வைப்பார்கள். கடலுக்கடியில் குழாய் வழியாக டிராம்பே கரையின் மாஹுல் போய்ச் சேர்ந்ததும் மறுபடி அளவு. இரண்டு அளவும் பொருந்தவில்லை என்றால் யாராவது எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். சுத்திகரித்த பின் அங்கிருந்து டேங்கர் லாரி, லாரியிலிருந்து பெட்ரோல் பம்ப், அங்கே தினமும் காலையில் நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கும் டிப் ராட் என்று கடைசித் துளி எரியும்வரை கணக்கு உண்டு.

இவ்வளவு சீராகக் கணக்கு வைக்கும் ஊரில்தான் எங்கள் தமிழ் ஆட்கள் மூன்று தலைமுறையாக வேலை பார்க்கிறார்கள்.

கணக்கு மட்டுமல்ல, வரலாறும் இங்கே ஒழுங்காக இருக்கிறது. 1951-இல் இந்திய அரசு ஸ்டாண்டர்ட் வாக்குவம், பர்மா ஷெல் ஆகிய இரண்டு வெளிநாட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டது. இருபத்தைந்து ஆண்டுக்கு அரசுடைமை ஆக்க மாட்டோம் என்பது அதில் ஒரு வாக்குறுதி. 1954-இல் டிராம்பேயில் முதல் சுத்திகரிப்பாலையாக ஸ்டாண்டர்ட் வாக்குவத்தின் ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு பக்கத்திலேயே பர்மா ஷெல்லின் ஆலை. முதலாவது எஸ்ஸோ ஆகி, 1974-இல் ஹிந்துஸ்தான் பெட்ரோலியமானது. இரண்டாவது 1976-இல் அரசு கைக்கு வந்து, மறு ஆண்டு பாரத் பெட்ரோலியம் என்று பெயர் மாறியது. முதலாளி மாறினார், கொடி மாறியது, பெயர்ப்பலகை மாறியது. ஆனாலும் எந்தத் தொட்டி எங்கே, எந்தக் குழாய் எதோடு சேர்கிறது என்ற விவரம் கை மாறி வந்திருக்கிறது. அதே 1974 பிப்ரவரியில் மும்பைக் கடலில் எண்ணெய் கண்ட ‘சாகர் சாம்ராட்’ என்ற துளைமேடைக்கு நாடு தந்த பெருமை தெரியுமா? ஒரு ரூபாய் நோட்டின் பின்புறத்தில் அதன் படம் இருக்கிறது. ஒரு பொறிக்கு இதைவிடப் பெரிய நடுகல் யாரும் எடுத்ததில்லை.

எண்ணெய்க்காரர்கள் நினைவுச் சின்னம் வைப்பதில் எப்போதுமே கெட்டிக்காரர்கள். அசாமின் திக்பாயில் 1889-இல் தோண்டிய முதல் கிணறு இன்றும் பத்திரமாக இருக்கிறது. அதைச் சுற்றி ஓர் அருங்காட்சியகம் அமைத்து, பழைய பொறிகள், பம்புகள், துரைமார் பங்களா வரை காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பர்மா ஷெல் இன்னும் ஒரு படி மேலே போனது. 1950-களில் சொந்தமாக ஒரு படப்பிடிப்புப் பிரிவு வைத்து, இந்தியாவின் நல்ல இயக்குநர்களைக் கொண்டு இந்தியக் கிராமங்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தது. ஹரிசாதன் தாஸ்குப்தா வங்கத்துப் பஞ்ச்துபியைப் படம் பிடித்தார். ஃபாலி பிலிமோரியா திருவிதாங்கூரின் ஒரு கிராமத்தைப் பிடித்தார். ஆவணப்பட வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் அந்தப் படங்களை மதிப்போடு குறிப்பிடுகிறார்கள். மண்ணெண்ணெய் விற்கிற நிறுவனத்துக்கு ஒரு கிராமத்தின் விடியலும் அறுப்பும் திருவிழாவும் அழியாமல் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குப் பணமும் ஒதுக்கியது. அந்த மனத்தை நான் எப்படிப் புகழாமல் இருப்பேன்? அந்த மனம் இருந்தபோது அதன் ஆலைச் சுவருக்கு வெளியே மாஹுல் கிராமம் இருந்தது. கோலி மீனவர்கள் ஓடைக்குள் வள்ளம் செலுத்தி வலை வீசிக்கொண்டிருந்தார்கள்.

விதிமுறைகளையும் புகழ வேண்டும். ஒரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் இடையே எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு எண்ணெய்த் துறையில் எழுதி வைத்த விதி உண்டு. தொட்டி உடைந்தால் எண்ணெய் வெளியே ஓடாமல் சுற்றிலும் கரை கட்ட வேண்டும். இருப்பதிலேயே பெரிய தொட்டி மொத்தமாகக் கொட்டினாலும் அந்தக் கரைக்குள் அடங்க வேண்டும். ஒரு தொட்டியின் ஆபத்து இன்னொன்றைத் தொடக் கூடாது என்று இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். அதே மாஹுலில்தான், ஆலைச் சுவர்களை ஒட்டி, எழுபத்திரண்டு கட்டடங்களில் 17,205 வீடுகள் எழும்பின. தான்சா ஏரியிலிருந்து வரும் குடிநீர்க் குழாயை ஒட்டிக் குடிசை போட்டிருந்தவர்களை 2017 முதல் அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த ஊர்க்காரர்களின் உடம்பைப் பற்றி கே.இ.எம். மருத்துவமனை 2013-இலேயே ஓர் ஆய்வு செய்து எழுதி வைத்திருந்தது: மாதத்தில் மூன்று முறைக்கு மேல் மூச்சுத் திணறுகிறவர்கள் 67.1 சதவீதம். தசமப் புள்ளிவரை கணக்கு சரியாக இருக்கிறது. கணக்கு கையில் இருந்தும் ஆட்களை அங்கே அனுப்பினார்கள். அதன் பிறகு மும்பை உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில், அங்கே இருக்க விரும்பாதவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகையும் 45,000 ரூபாய் முன்பணமும் கொடு என்று சொல்ல வேண்டி வந்தது. பசுமைத் தீர்ப்பாயம் 2020-இல் காற்று மாசுக்காக நான்கு நிறுவனங்கள் மீது சுமார் 286 கோடி ரூபாய் இழப்பீடு விதிக்க வேண்டி வந்தது.

இங்கே ஒரு வழக்கைப் பற்றி நின்று பேச வேண்டும். மும்பைத் தமிழர்களில் தொழிற்சங்கக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. ஸ்டாண்டர்ட் வாக்குவம் ஆலையில் கட்டடங்களையும் இயந்திரங்களையும் துப்புரவு செய்யும் வேலை ஒப்பந்தக்காரரிடம் விடப்பட்டிருந்தது. அந்த ஆட்கள் 67 பேர். நிரந்தரத் தொழிலாளிக்கு இருந்த சம்பளமோ விடுப்போ வேலைப் பாதுகாப்போ அவர்களுக்கு இல்லை. நிரந்தரத் தொழிலாளர்களின் சங்கம்தான் அவர்களுக்காக வழக்குப் போட்டது. இதை இரண்டு முறை படிக்க வேண்டும். தங்களுக்கு எல்லாம் இருந்தவர்கள், எதுவும் இல்லாதவர்களுக்காகத் தாவாவை எழுப்பினார்கள். ஆலை நாள்தோறும் ஓடுகிற வரை துப்புரவும் நாள்தோறும் வேண்டும், அதை ஒப்பந்தத்துக்கு விடக் கூடாது என்று தொழில் தீர்ப்பாயம் சொன்னது. உச்ச நீதிமன்றம் 1960-இல் அதை உறுதி செய்தது. 1970-இல் நாடு முழுமைக்கும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துக்கு வேர் தேடினால் இந்த டிராம்பே ஆலையின் தரையில் வந்து நிற்கும்.

இந்தியத் தொழிலாளர் சட்டத்தையே திருப்பிவிட்ட அந்த ஆட்கள் தீர்ப்பில் 67 என்ற எண்ணாகத்தான் வருகிறார்கள். முதலாளி நிறுவனத்தின் பெயர் வழக்கின் தலைப்பிலேயே நிலைத்துவிட்டது.

அந்தச் சட்டத்துக்கு 1971-இல் எழுதிய மத்திய விதிகளையும் புகழ்கிறேன். மஸ்டர் ரோல் வை, கூலிப் பதிவேடு வை, பிடித்தம் செய்தால் அதற்கொரு பதிவேடு வை என்று ஒவ்வொன்றையும் எண்ணிச் சொல்லியிருந்தன. தகப்பன் பெயர், என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு கூலி, கையெழுத்தோ கைநாட்டோ எல்லாம் அதில் இருந்தன. டிராம்பே கரையின் சமூக வரலாறு இதைவிட முழுமையாக வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது. இந்தப் பதிவேடுகளைக் கடைசியாக எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டு காப்பாற்ற வேண்டும் என்று அந்த விதிகள் சொல்லியிருந்தன. அதற்குமேல் கட்டாயம் இருந்ததில்லை. திக்பாயின் கிணற்றுக்கு நூற்று முப்பது ஆண்டுக்கு மேலாகியும் காவல் இருக்கிறது. தொட்டிக்குள் இறங்கிக் கசடு வழித்தவனின் பெயருக்கு மூன்று ஆண்டு.

சின்ன வயதில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்ந்த கதையை எல்லோரும் படித்திருப்போம். மாலை சூட்டி, நெய் பூசி, பளபளவென்று வைத்திருந்த வேல்களைப் பற்றி அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நானும் பொய் சொல்லவில்லை. எண்ணெய்க்காரர்களுக்கு ஞாபகம் வைக்கத் தெரியும். ஆள் இருக்கிறது, இடம் இருக்கிறது, பழக்கம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. தெரியாதவரிடம் நாம் எதையும் கேட்க முடியாது, தெரிந்தவரிடம் கேட்கலாம். ஆலைக்குள் நுழைகிற ஒவ்வொரு ஒப்பந்த ஆளுக்கும் கேட்பாஸ் கொடுக்கிறார்கள். ஆபத்து வந்தால் உள்ளே எத்தனை பேர் என்று தலை எண்ண வேண்டுமே. அந்தப் பட்டியல்களையும் பழைய பதிவேடுகளையும் கழிக்காமல் ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தால், இந்த ஊரை யார் கட்டினார்கள் என்ற கேள்விக்குப் பெயர் பெயராகப் பதில் கிடைக்கும்.

இதே டிராம்பேயில் எழுத்தின் பலம் தெரிந்த ஒரு தமிழர் இருந்தார். கோலார் தங்கவயலில் பிறந்து, பிழைப்புக்கு பம்பாய் வந்து, ஜனதா காலனியில் தங்கிய ஜாக்கின் அற்புதம். அந்தக் காலனியை அணு ஆராய்ச்சி மையத்துக்கு இடம் வேண்டும் என்று காலி செய்யச் சொன்னபோது, மாநகராட்சிதானே எங்களை இங்கே குடியமர்த்தியது என்று கேட்டுப் போராடினார். நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதத்தில் காலனியை இடித்தார்கள். மக்களைச் சற்றுத் தள்ளி, இன்று சீத்தா கேம்ப் என்று சொல்கிற இடத்தில் இறக்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தெருவில் நடந்தால் தமிழ் காதில் விழும். அற்புதம் அதோடு நிற்கவில்லை. அவர் 1974-இல் தொடங்கிய குடிசைவாசிகள் சம்மேளனம், பின்னாளில் ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்போடு சேர்ந்து, ஏழைகளே தங்களை எண்ணிக்கொள்ளும் முறையை நாடெங்கும் கொண்டுபோனது. எத்தனை வீடு, எத்தனை பேர், எப்போது வந்தோம், என்ன தொழில் என்று அவர்களே வீடு வீடாகப் போய் எழுதினார்கள். அரசு அதிகாரி வந்து ‘இங்கே யாரும் இல்லை’ என்று சொல்ல முடியாதபடி கையில் நோட்டு இருந்தது. 2000-இல் மக்சேசே விருது, 2011-இல் பத்மஸ்ரீ, 2018-இல் மறைவு. எண்ணெய் நிறுவனங்களின் கணக்கு ஒழுங்குக்கு ஈடு சொல்ல டிராம்பேயில் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

நம் சங்கங்களையும் விட்டுவிடக் கூடாது. மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் பள்ளி தொடங்கிய வரலாறு இன்றும் பெருமையோடு சொல்லப்படுகிறது. தாராவி முதல் பாண்டுப் வரை நம்மவர்கள் கோயில் கொடைக்கும் ஆண்டு விழாவுக்கும் மலர் போடுகிறார்கள். அட்டை பளபளக்கும். நன்கொடை கொடுத்தவர் ஒவ்வொருவரின் படமும் பெயரும் தொகையும் பிழையில்லாமல் வரும். நூறு ரூபாய் கொடுத்தவரும் விடுபட மாட்டார். கணக்கில் இவ்வளவு நாணயம் பார்க்கிற கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. எண்ணெய் ஆலையில் இருபது ஆண்டு ஒப்பந்தக் கூலியாக இருந்து, இருமிக்கொண்டே ஊர் திரும்பினவர் படம் எந்த மலரிலும் என் கண்ணில் பட்டதில்லை. அவர் நன்கொடை கொடுக்கும் நிலையில் இல்லை.

இதை பாண்டுப்பில் இருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. பம்பாயிலிருந்து தாணா, கல்யாண் பக்கம் ரயில் போடலாம் என்ற யோசனை 1843-இல் ஜார்ஜ் கிளார்க் என்ற தலைமைப் பொறியாளருக்கு பாண்டுப் வந்திருந்தபோதுதான் தோன்றியது என்று ரயில்வே தன் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறது. துரை ஒருவர் வந்துபோனதற்கு நூற்றெண்பது ஆண்டு ஞாபகம். 1957-இல் ஆசியன் பெயிண்ட்ஸ் இங்கே ஆலை வைத்தது. சியட் டயர் ஆலையும் இங்கேதான். பெயிண்ட்டும் டயரும் எண்ணெயின் பிள்ளைகள். அந்த நிறுவனங்களின் வரலாற்றில் பாண்டுப்புக்கு இடமுண்டு. அங்கே ஷிஃப்ட் பார்த்துவிட்டு மலையேறிக் குடிசைக்குத் திரும்பிய திருநெல்வேலிக்காரர்களுக்கும் ரத்னகிரிக்காரர்களுக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை.

இப்போது இன்னொரு கூட்டம் வரப் போகிறது. காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு உப்பள நிலங்களில் 255.9 ஏக்கரை தாராவிக்காரர்களின் மறுகுடியேற்றத்துக்கு எடுக்க மாநில அமைச்சரவை 2024-இல் ஒப்புதல் கொடுத்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பே கீழ்த்தளத்தில் குடியிருந்ததற்குக் காகிதம் காட்டுகிறவருக்குத் தாராவியில் வீடு. காட்ட முடியாதவருக்கு வேறிடம். ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும்தான் அங்கே ஒருவனின் வரலாறு. காகிதம் இல்லாதவர்களில் நம்மவர்கள் ஏராளம். தோல் பதனிடப் போனவர்கள், டாங்க் கழுவப் போனவர்கள், இட்லி அவித்து நாக்காவில் விற்றவர்கள். மாஹுலுக்கு அனுப்பப்பட்டவர்களை அங்கே இறக்கிய பிறகுதான் நாம் கவனித்தோம்.

பாண்டுப்பின் சங்கத்துப் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இது. சந்தா வசூலுக்கு வீடு வீடாகப் போகிறீர்கள். ரசீதுப் புத்தகத்தில் ஒரு ரூபாய் தவறியதில்லை. அடுத்த முறை கூடவே ஒரு நோட்டும் கொண்டுபோங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யார் கூட்டி வந்தார்கள், எந்த ஆலையில் எந்த முகாதமிடம் (மேஸ்திரியிடம்) என்ன வேலை பார்த்தார்கள், எந்த ஆண்டு நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பழைய கேட்பாஸ், கூலிச் சீட்டு, தொழிற்சங்க அட்டை எது இருந்தாலும் படமெடுத்துக்கொள்ளுங்கள். எண்பது வயது தாண்டியவர்களிடம் முதலில் போங்கள். அடுத்த ஆண்டு மலரில் நன்கொடையாளர் பக்கங்களுக்கு முன்னால் அந்தப் பெயர்கள் வரட்டும், அச்சுக் கூலியில் என் பங்கை நான் தருகிறேன்.