லண்டன் சித்தப்பாவின் பப் விருந்து

லண்டன் சித்தப்பா குடிக்க மாட்டார். ஆனால் ஊரிலிருந்து யார் போனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் பப்புக்குத்தான் கூட்டிப் போவார். சாப்பிட!

"இங்கிலாந்தைப் பார்க்கணும்னா இங்கதாண்டா பார்க்கணும்" என்று அந்தக் கனத்த மரக்கதவைத் தள்ளும்போது, ஏதோ பப்பையே கிரயம் பண்ணிவிட்ட தோரணை.

அந்த இடத்தின் அக்கறையெல்லாம் பாதாளத்தில் இருக்கிறது. பீப்பாயில் வரும் 'ஏல்' என்ற பியரை நிலவறையில் 11 முதல் 13 டிகிரிக்குள் வைத்துக் குழந்தைபோலப் பார்த்துக்கொள்கிறார்கள். குழாய்களை வாராவாரம் கழுவுகிறார்கள். இந்தச் சரக்கு அழிந்துவிடக் கூடாதென்று 1971-லேயே 'கேம்ரா' என்று இயக்கம் கட்டிய தேசம் அது. சமையலுக்கும் விடிவு வராமலில்லை. 1991-ல் ஃபாரிங்டனில் 'தி ஈகிள்' என்ற பப் ஒழுங்காகச் சமைத்துப் போட ஆரம்பித்து, அது நாடெங்கும் பரவியது. சித்தப்பாவின் பப்புக்கு மட்டும் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

கவுண்டரில் நின்று, "உனக்கு என்னடா வேணும்?" என்பார். சித்தப்பா முன்னால் என்ன சொல்ல முடியும்? பளபளக்கும் பம்புகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்களுக்கு எதுவோ அதே, சித்தப்பா" என்போம். இரண்டு லைம் அண்ட் சோடா வரும்.

பிறகு ரோஸ்ட். கோழி காய்ந்திருக்கும், முட்டைக்கோஸ் முந்தாநாளே வெந்திருக்கும். முறுமுறுவென்று இருக்க வேண்டிய யார்க்‌ஷயர் புட்டிங், மறுபடி சூடுபண்ணியதில் கத்திக்கே மசியாது. எல்லாவற்றின் மேலும் பழுப்பாக ஒரு கிரேவி. உப்பு, காரம், புளி எதற்கும் அதில் பங்கில்லை.

சித்தப்பா உடனே சாப்பிடமாட்டார். நம் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"எப்படி?"

"நல்லா இருக்கு, சித்தப்பா."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் தட்டிலிருந்து இரண்டு உருளைக்கிழங்கு நம் தட்டுக்கு வந்துவிடும். "சொன்னேன்ல?" அதற்கும் தலையாட்டினால் பாதிக் கோழி.

நம் தட்டு காலியானதும் பார்மேனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுப்பார். சித்தி கொடுத்தனுப்பிய இட்லிப் பொடி. தன் தட்டில் மிச்சமிருக்கும் கோழியின் மேல் தாராளமாகத் தூவிக்கொள்வார். நாம் கையை நீட்டினால், "இது வயசானவங்களுக்குடா. நீ ஒரிஜினல் ருசியைப் பழகிக்க."

பில்லை மட்டும் யாரையும் தொட விடமாட்டார். அந்தத் தங்கமான மனசுக்காகத்தான் இத்தனை வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

அவர் வீடு ஈஸ்ட் ஹாமில். ஹை ஸ்ட்ரீட் நார்த் நெடுக நம்மூர் ஓட்டல்கள், நடக்கிற தூரம். ஜாடையாகச் சொன்னால், "தோசை திங்கவாடா பிளேன் ஏறி வந்தே?" என்கிறார்.

ஆமாம், சித்தப்பா. இல்லையென்றால் அந்த ஏலைக் குடிக்க. ரெண்டில் ஒன்றுக்காவது விட்டிருக்கலாம்.