கண்ணடிக்கும் பஜேரோ

கேள்வி: என் பழைய பஜேரோவில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. மெக்கானிக், "டிரான்ஸ்ஃபர் கேஸையே மாத்தணும் சார்" என்கிறார். மாற்றலாமா?
– ஒரு வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: நகையை அடகு வைக்க அதற்குள் கிளம்பிவிடாதீர்கள். அந்த வண்டியில் முன்சக்கரங்களைப் பிணைப்பது வேக்குவம். ரப்பர் ஹோஸ் வெடித்துக் காற்று கசிந்தாலே விளக்கு கண்ணடிக்கும். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு சோலனாய்டு, சுவிட்ச். எல்லாம் சரி என்றால்தான் டிரான்ஸ்ஃபர் கேஸ் பேச்சு. ஹோஸ் செலவு பெரும்பாலும் ஒரு குடும்ப பிரியாணிக்குள் முடிந்துவிடும். (கழற்றிய பாகத்தை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.) உங்கள் பஜேரோவுக்குப் பிறந்த வீடு பக்கத்திலேதான்: திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை. 1998-ல் மிட்சுபிஷி லான்சர் வந்ததும் அங்கிருந்துதான். இப்போது அங்கே பஜேரோ தயாராவதில்லை. ஆகவே சீர்வரிசை முழுக்கப் புகுந்த வீட்டுச் செலவு!