வருங்கால இயக்குநர் கல்லூரி தேடுகிறார்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாளுக்கும் பொறியியல் கலந்தாய்வு தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் மட்டும் தம் முழு உருவத்தைக் காட்டுகிற ஓர் இளைஞர் வகை தமிழ்நாட்டில் உண்டு. மற்ற மாதங்களில் இவர் சாதாரண ரசிகர்களோடு கலந்துவிடுவதால், திரையரங்கில் மட்டுமே இவரைப் பிரித்தறிய முடியும். ரசிகர்கள் படம் முடிந்ததும் வண்டி எடுக்க ஓடுவார்கள். இவரோ பெயர்ப்பட்டியல் ஓடி முடியும்வரை அமர்ந்திருந்து, துடைப்பத்தோடு வந்து நிற்கும் ஊழியரின் முறைப்பையும் பொறுத்துக்கொண்டு, இரண்டாம் யூனிட் ஒளிப்பதிவாளர் யாரென்று அறிந்த பிறகே எழுவார். வருங்கால இயக்குநர் என்று இவரை அழைக்கலாம். இவரும் தம்மை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்.

இவர் எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு திரிவார். அதில் கதை இருக்கும் என்று எண்ணுவது தவறு. இருப்பவை கல்லூரிப் பெயர்களும் அவற்றில் படித்துப் புகழ்பெற்றவர்களின் பெயர்களுமே. முதல் பக்கம் 1945இல் தொடங்கப்பட்டு, எத்தனை முறை பெயர் மாறினாலும் அடையாறு பிலிம் இன்ஸ்டிட்யூட் என்றே வழங்கிவருகிற தரமணி அரசு நிறுவனத்துக்கு உரியது. பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு கற்ற இடம் அது என்பதும், 1986இல் வெளிவந்த ‘ஊமை விழிகள்’ அதன் மாணவர்கள் சேர்ந்து எடுத்த படம் என்பதும் அங்கே சிவப்பு மையில் காணப்படும். அடுத்த பக்கத்தில், பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் 1960இல் அமைந்த புனே நிறுவனமும் அங்கே பயின்ற பாலு மகேந்திராவும். அதற்கடுத்து, 1995இல் சத்யஜித் ராயின் பெயரில் கொல்கத்தாவில் தோன்றிய நிறுவனம். எஞ்சிய பக்கங்களை விஸ்காம் பிடித்துக்கொள்ளும். விஸ்காம் என்பது காட்சித் தொடர்பியல் என்னும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பின் செல்லப்பெயர். ஒளிப்படம், விளம்பரம், வரைகலை, இதழியல் எல்லாம் பரிமாறப்படும் அந்த இலையில் சினிமா ஊறுகாய் அளவே இருக்கும் என்பதை இவர் மூன்றாம் பருவத்தில்தான் கண்டுபிடிப்பார்.

நோட்டு நிரம்ப நிரம்பக் குழப்பமும் வளரும். மணிரத்னம் மேலாண்மை படித்தவர், பா. ரஞ்சித் கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றவர். கார்த்திக் சுப்புராஜ் இன்ஜினியர். லோகேஷ் கனகராஜ் வங்கியில் வேலை பார்த்தவர். வெற்றிமாறன் லயோலாவில் ஆங்கில இலக்கிய முதுகலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பாலு மகேந்திராவிடம் உதவியாளராகப் போனவர். இந்தச் சான்றுகளை அடுக்கிப் பார்த்து, இவர்கள் எதைப் படித்தும் சினிமாவுக்கு வந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டுவது எளிது. வருங்கால இயக்குநரோ அப்படி எளிமையாகச் சிந்திக்கிறவர் அல்லர். திங்கட்கிழமை ஓவியக் கல்லூரிக்கும், புதன்கிழமை வங்கித் தேர்வுக்கும் விண்ணப்பம் தேடுவார். ஏதாவதொரு படிப்பைப் பாதியில் விடுவதுதான் சூத்திரம் என்று வெள்ளிக்கிழமை அறிவித்து, எதைத் தொடங்கி விடுவது என்பதில் மறுபடி சிக்கிக்கொள்வார்.

திரைக்கதையை மட்டும் தனியே படிக்க விரும்புகிற உட்பிரிவினரின் நிலைமை இன்னும் நுட்பமானது. ஸ்ரீதரும் கே. பாலசந்தரும் வசனகர்த்தாக்களாக இருந்து இயக்குநரானவர்கள் என்பதால், தமிழ் சினிமாவில் எழுத்து என்பது இயக்குநர் நாற்காலிக்கு ஏறும் படியாகவே நெடுங்காலம் கருதப்பட்டிருக்கிறது. ‘கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்’ என்னும் நான்கும் ஒரே பெயரின் தலைமேல் அமர்ந்திருப்பதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, வெறும் திரைக்கதையாசிரியர் என்பவர் மாப்பிள்ளையே வராத கல்யாணத்தில் வந்த மாப்பிள்ளைத் தோழர்போலத் தெரிகிறார். டிஸ்கஷன் எனப்படும் வழக்கமும் இதற்குத் துணைசெய்கிறது. சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ ஓர் அறை எடுத்து, நான்கைந்து உதவியாளர்கள் பாயில் சாய்ந்தபடி வாரக்கணக்கில் கதை பேசுவதற்கு அந்தப் பெயர். அங்கே சொல்லப்பட்ட நல்ல காட்சி படத்துக்கும், சொன்னவர் அன்றைய பேட்டாவோடு, அதாவது தினப்படியோடு, பேருந்து நிறுத்தத்துக்கும் போய்விடுவது வழக்கம். திரைக்கதை கற்பிக்கும் கல்லூரி முதல் நாளே சொல்லவேண்டிய பாடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது எப்படி என்பதாகும். ஆனால் பாடத்திட்டம் கதையின் மூன்று அங்கங்களோடு தொடங்கி மூன்று அங்கங்களோடு முடிந்துவிடுகிறது. வருங்கால இயக்குநருக்கு அதுவும் தெரிந்ததுதான். சித் ஃபீல்டின் 1979ஆம் ஆண்டு திரைக்கதை நூலையும் சுஜாதாவின் ‘திரைக்கதை எழுதுவது எப்படி?’ நூலையும் படித்துவிட்ட இவர், வீட்டுச் சண்டையில்கூட இன்டர்வெல் எங்கே வந்தது என்று கவனிப்பார்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போதுதான் இவருடைய மேதைமை முழுமையாகப் புலப்படும். துறைத் தலைவர் அறைக்கு வெளியே ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். அதனுள்ளே விலையுயர்ந்த கேமரா ஒன்று, வெல்வெட் துணிமேல், சாயம் போகாத விலைச்சீட்டோடு வீற்றிருக்கும். அலமாரிக்குப் பூட்டும், சாவிக்கு ஒரு பதிவேடும் உண்டு. அந்தப் பதிவேட்டைப் புரட்டினால் மாணவர் ஒருவர் கைக்குக் கேமரா ஆண்டில் எத்தனை நாள் வந்தது, ஒவ்வொருவரும் எத்தனை குறும்படம் எடுத்தார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். எடுத்ததை உட்கார்ந்து பார்த்துத் திருத்துகிற ஆசிரியர் யார் என்று மட்டும் வாய்திறந்து கேட்டால் போதும், கல்லூரியைப் பற்றி வேறெதையும் கேட்கத் தேவையிருக்காது. இவர் அலமாரியின் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, சென்ற ஆண்டுவிழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்த நடிகர் யார் என்று விசாரித்துவிட்டுத் திரும்புவார்.

பிறகு கட்டணம் என்னும் பகுதி. தனியார் நிறுவனங்களில் அது லட்சங்களில் பேசப்படும் என்பதால், வீட்டுக்கூடத்தில் தந்தையைத் தயாரிப்பாளராக இருத்திக் கதை சொல்லவேண்டிய கட்டாயம் இவருக்கு நேர்கிறது. நோட்டில் ஒரு காட்சிகூட எழுதாத இவர் அன்று நாற்பது நிமிடம் தங்குதடையின்றிச் சொல்வார்: ஏழைக் குடும்பம் உண்டு, திருப்பம் உண்டு, மேடையில் விருது வாங்கும்போது முதல் வரிசையில் அமர்ந்து கண் கலங்கும் தந்தைகூட உண்டு. தயாரிப்பாளர் கண் கலங்கமாட்டார். “செலவு சரிடா, வரவு எப்ப?” என்பார். “அது ரிலீசுக்கு அப்புறம்பா” என்று இவர் சொல்ல, “முதல்ல ஒரு டிகிரியை முடி, அப்புறம் என்னவேணா பண்ணு” என்று தீர்ப்பு வழங்கப்படும்.

கலையை அறியாத தலைமுறை என்று மனத்துக்குள் வசைபாடியபடி, தந்தையின் காசு தேவைப்படாத அரசு நிறுவனத்திலேயே சேர்வதென்று சூளுரைத்து, இவர் அன்றிரவே புனே நிறுவனத்தின் இயக்கமும் திரைக்கதையும் சேர்ந்த மூன்றாண்டுப் படிப்புக்கான தகுதி விதியைத் திறந்து படிப்பார். ஏதேனும் ஒரு பாடத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கும். கொல்கத்தாவின் விதியும் அதையே சொல்லும். பிளஸ் டூ படித்தவர்களையே நான்காண்டுப் பட்டத்துக்குச் சேர்க்கும் தரமணி இருக்கிறதே என்று இவருக்கு நினைவு வருவதற்குள், எதிர் அறையிலிருந்து எழுந்து வந்த தயாரிப்பாளர் மகனின் தோளுக்கு மேலாகத் திரையைப் படித்து முடித்து, பொறியியல் கலந்தாய்வு எந்தத் தேதியில் என்று கேட்டிருப்பார்.