இரண்டு ஏக்கர் நிதானம்

பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்னந்தோப்பு வாங்கிக் குடியேறும் நகரவாசி பெரும்பாலும் ஐம்பது வயதை ஒட்டியவர். வீட்டுக் கடன் தீர்ந்ததும் சர்க்கரை வந்ததும் அவருக்கு ஒரே ஆண்டாக இருக்கும். அவர் முதலில் வாங்குவது மண்வெட்டி அல்ல, கயிற்றுக் கட்டில். அதைத் தென்னை மரத்தடியில் போடுவார். முற்றிய காயும் காய்ந்த மட்டையும் சொல்லிக்கொண்டு விழுவதில்லை என்பதால் முதல் வாரத்திலேயே கட்டில் வேப்பமரத்தடிக்கு மாறும்.

அடுத்தது கணக்கு. 25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 70 மரம். மரத்துக்கு ஆண்டுக்கு 100 காய், இரண்டு ஏக்கருக்கு 14,000 காய் என்று எக்செல் தாளில் வருமானம் பொங்கும். அந்தத் தாளில் எலிக்கும் காண்டாமிருக வண்டுக்கும் கட்டம் போட்டிருக்காது. காய் பறிக்கும் ஆளுக்குக் கட்டம் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

தென்னை மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மட்டை விடும். மட்டைக்கு ஒரு பாளை. அந்தப் பாளை மரத்துக்குள் கருவாகி, வெளிவந்து வெடித்து, காய் முற்றி முடிய மூன்றரை ஆண்டு ஆகும். ஆகவே இந்த ஆண்டு காய் குறைந்தால், மூன்று கோடைக்கு முன்பு தண்ணீர் காட்டாமல் விட்டது காரணமாக இருக்கலாம். எப்போதோ நடந்த கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு மட்டும் அப்பளம் வராததை இன்றைக்கும் சொல்லிக் காட்டும் பெரியப்பாவின் ஞாபகம் தென்னைக்கு உண்டு. ஒரே வித்தியாசம், அப்பளம் வைக்காதவர் நிலத்தை விற்றுவிட்டுப் போயிருப்பார். மரம் முகத்தைத் திருப்பிக்கொள்வது வாங்கியவரிடம்.

மரத்துக்கு உள்ள நிதானம் மோட்டாருக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம். ஆனால் மும்முனை மின்சாரம், ஊரார் சொல்லும் த்ரீ பேஸ், பல ஊர்களில் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம் என்று முறைவைத்து வரும். அலாரம் இல்லாத வாழ்க்கை வேண்டுமென்று வந்தவர் நள்ளிரவில் டார்ச் லைட்டோடு வாய்க்கால் மடை திருப்புவார். இந்தத் தொல்லை தீர அவர் போன் வழியே இயங்கும் ஸ்டார்ட்டர் ஒன்றை மாட்டுவார். அதற்குத் தனியாக ஒரு சிம் கார்டு வேண்டும். அலுவலக அழைப்புகளுக்குத் தப்பி வந்த மனிதரை இப்போது கிணற்று மோட்டார் கூப்பிடும்; அதுவும் ஞாயிற்றுக்கிழமை பாராமல்.

படிப்பும் நடக்கும். மசனோபு ஃபுகுவோகா 1975இல் ஜப்பானிய மொழியில் எழுதிய 'ஒற்றை வைக்கோல் புரட்சி' இத்தகையவர்களின் தலைமாட்டில் தமிழில் இருக்கும். உழாதே, உரம் போடாதே, களை பிடுங்கி மாளாதே என்ற அதன் போக்கு, முதுகுவலிக்காரர்களுக்குச் சட்டென்று பிடித்துவிடுகிறது. ஃபுகுவோகா பல ஆண்டுகள் வயலில் பாடுபட்டு, எதையெல்லாம் செய்யாமல் விடலாம் என்று கண்டுபிடித்தார் என்பது பின்னட்டையோடு நிறுத்திக்கொண்டவர்களுக்குத் தெரிவதில்லை. 'ஒன்றும் செய்யாத விவசாயம்' பற்றிப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் எடுத்துச் சொன்னால் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அதைத்தானுங்க எங்க பெரியப்பனும் பண்ணுனாரு. கடைசில ரெண்டு ஏக்கரா கைவிட்டுப் போச்சுங்க" என்பார். சற்று நேரம் கழித்து, "இப்ப நீங்க வச்சிருக்கறது அதுதானுங்க" என்றும் சொல்வார்.

ஆனால் சும்மா இருப்பது சில இடங்களில் வேலை செய்யவும் செய்கிறது. இந்தியாவில் 2016இல் முதன்முதலாகப் பொள்ளாச்சிப் பகுதியில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, ஓலையின் அடிப்புறம் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அதன் இனிப்பான கழிவில் கரும்பூசணம் படர்ந்து, தோப்பு கரிமூட்டைக் கடைபோல் ஆகும். பதறிப்போய்க் கடும் மருந்து அடித்தால், அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா என்ற பொடிக் குளவியும் சேர்ந்து சாகும். அதனால் விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டைகளைக் கட்டிவிட்டு, குளவியை நம்பிக் காத்திருக்கச் சொல்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தோப்பில் ஏதோ கட்சியின் மாநாடு நடப்பதுபோல் இருக்கும். குடியேறியவருக்கு இது கொண்டாட்டமான காலம்: கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு முதல்முறையாக ஓர் அறிவியல் காரணம் கிடைத்திருக்கிறது.

மயில் விஷயம் வேறு. முதல் மாதம் அது தோகை விரிப்பதைப் படம் எடுத்து உறவினர் குழுவில் போடுவார். மூன்றாம் மாதம் ஊடுபயிராகப் போட்ட நிலக்கடலை முளையை அது வரிசை தப்பாமல் கொத்தித் தின்பதைப் பார்ப்பார். அது தேசியப் பறவை, வனவிலங்குச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு பெற்றது, போதாக்குறைக்கு முருகனின் வாகனம். மூன்று திசையிலும் வழி அடைபட்ட பிறகு கடலையை நிறுத்திவிட்டு மஞ்சளுக்கு மாறுவதே நடைமுறை.

ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று இறங்கிச் சாரல் அடிக்கும்போது தோப்பு உண்மையிலேயே அழகாக இருக்கும். நகர நண்பர்கள் சரியாக அந்த மாதத்தில் வருவார்கள். ஆளுக்கு இரண்டு இளநீர் குடித்துவிட்டு, வேப்பமரத்தடிக் கட்டிலில் கால் நீட்டி, "குடுத்து வச்சவன்டா நீ" என்பார்கள். குடுத்து வைத்தவர் அப்போது மோட்டார் கொட்டகையில் ஃபியூஸ் மாற்றிக்கொண்டிருப்பார்.